ஆகஸ்ட் தண்ணீர்

என் தம்பி பசிலியோவைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால், காரை நேராக நிறுத்துவான் என்று சொல்வேன். அதற்கு மேல் என்னிடம் இல்லை. முப்பது வருஷம் மாட்ரிட்டில் குளியலறை ஓடு விற்றான். ஓய்வு பெற்றதும் மனைவி அம்பாரோவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் தொர்ரெமோராவுக்கே திரும்பி வந்தான். வந்த மறுநாள் பாரில் உட்கார்ந்து, இந்த ஊரில் இன்னும் காபி போடத் தெரியவில்லை என்றான். பார் நடத்துகிற சிரியாக்கோ பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கோப்பையை எடுத்துப் போய்க் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தான்.

அப்பாவின் வீடும் பின்னால் இருக்கிற தோட்டமும் பசிலியோவுக்கு. தோட்டத்தின் நடுவில் நின்ற ஓக் மரம் எனக்கு. எங்கள் பக்கத்துக் காடுகளில் மண் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் வீட்டுத் தோட்டத்தில், ஒற்றை மரத்துக்கு அப்படிச் செய்தவர் எங்கள் அப்பா ஒருவர்தான். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"பையனுக்கு வீடு, பொண்ணுக்கு வாசல்," என்றார். "மரம் இருக்கிற வரைக்கும் கசில்டா உள்ள வரலாம். யாரும் ஏன்னு கேக்க முடியாது."

அதுதான் விஷயம். மரத்துக்காரி மரம் வரை போய்வர மண்ணுக்காரன் வாசலைத் திறந்துவிட வேண்டும். பின் கதவின் சாவி ஒன்று அவளிடம் இருக்கும். மரம் செத்தால் அந்தப் பாத்தியதையும் செத்தது. ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தாய் மரம் உயிரோடு இருக்கும்போதே அதன் கொட்டையை மரத்துக்காரி கொடுத்து, மண்ணுக்குச் சொந்தமானவர் அதை அதே மண்ணில் ஊன்றிக் கன்று முளைத்திருந்தால் மட்டும் பாத்தியதை கன்றுக்கு மாறும். எங்கள் ஊரில் யாரும் இதைப் பெரிதாக நினைத்ததில்லை. ஓக் மரம் நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டுத்தான் போகும். அதற்கு வாரிசு தேட யாருக்கு அவசரம்?

நல்ல மரம் அது. உறைபனி விழுகிற ஜனவரியிலும் இலையை உதிர்க்காமல் கரும்பச்சையாக நிற்கும். கொட்டை இனிப்பு. மற்ற மரத்துக் கொட்டையைக் கடித்தால் நாக்கு இழுக்கும். இதை அப்படியே உரித்துத் தின்னலாம், சுட்டால் இன்னும் ருசி. நான் வருஷத்துக்கு இரண்டு பன்றி வளர்க்கிறேன். அக்டோபரிலிருந்து பன்றி அறுக்கிற நாள் வரை தினம் காலையில் கோலும் சாக்கும் எடுத்துக்கொண்டு பின் கதவைத் திறந்து போவேன், கிளையைத் தட்டுவேன், பொறுக்குவேன். நான் பிறந்த வீட்டுக்குள் நான் போவது அப்படித்தான். புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்ட எனக்கு அந்த வாசல் போனால், இந்த ஊரில் நான் வாடகை வீட்டில் இருக்கிற ஒரு கிழவி. அவ்வளவுதான்.

பசிலியோ மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பையனாக இருக்கும்போது, ஒரு ஜூலையில், துணி துவைத்த தண்ணீரைக் கால்வாய் வரை தூக்கிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு வாளி வாளியாக மரத்தடியில் கொட்டினான். அப்பா பார்த்துவிட்டார். காதைப் பிடித்துத் திருகிய திருகலில் இரண்டு நாள் காது சிவந்திருந்தது.

"வெயில் காலத்துல இதுக்குத் தண்ணி விஷம்டா. குளிர் மழையில குடிச்சதை வச்சுக்கிட்டே அது ஓட்டிக்கும். சூட்டுல ஈரம் நின்னா வேர் அழுகிரும். மண்டையில ஏறுச்சா?"

ஏறியது. அவன் வாழ்க்கையில் மண்டையில் ஏறிய மிகச் சில விஷயங்களில் அது ஒன்று.

வந்த முதல் கோடையில் சமையலறையை இடித்துக் கட்டினார்கள். பணம் அம்பாரோவுடையது, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்துச் சேர்த்தது. அதற்காக வீட்டிலும் தோட்டத்திலும் பாதியை அவள் பேருக்கு எழுதினான். பிறகு தோட்டத்தில் புல்தரை போட்டார்கள். எங்கள் ஊரில், வெயிலில் கல்லே வெடிக்கிற இடத்தில், புல்தரை. மாட்ரிட்டிலிருந்து பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து விரித்தார்கள். நடுவில் என் மரம் கல்யாண வீட்டில் வேலைக்கு வந்த ஆள் மாதிரி ஒதுங்கி நின்றது.

அம்பாரோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூப்போட்ட கையுறை, பெரிய வைக்கோல் தொப்பி. ஜெரானியத் தொட்டிகளை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்திருந்தாள். மரத்தை "செல்லம்" என்று கூப்பிட்டாள். நான் கோலை ஓங்கிக் கிளையைத் தட்டினால், "ஐயோ அண்ணி, மெதுவா, அதுக்கு வலிக்கப் போகுது," என்பாள். சாயங்காலம் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். இப்படி ஒரு பிறவியை எங்கே தேடிப் பிடித்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் இலையுதிர் காலத்தில் பசிலியோவின் பழைய கடை ஆட்கள் நாலைந்து பேர் மாட்ரிட்டிலிருந்து விருந்துக்கு வந்திருந்தார்கள். வெள்ளை நாற்காலி, ஒயின், என் வீட்டிலிருந்து போன பன்றித்தொடை. நான் வழக்கம்போலப் பின் கதவைத் திறந்து சாக்கோடு உள்ளே வந்தேன். ஒருத்தி கேட்டாள், அது யார் என்று.

"ஊர்க்காரம்மா ஒருத்தங்க. கொட்டை பொறுக்க வருவாங்க," என்றான் பசிலியோ.

காதில் நன்றாக விழுந்தது. அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. இடுப்பில் தூக்கிச் சுமந்து, மூக்குச் சளியைத் துடைத்துவிட்டு வளர்த்தேன். இவன் மாட்ரிட்டுக்குப் போகிறேன் என்றபோது என் காதணியைக் கழற்றிக் கொடுத்தேன். அவன் சொன்னது எனக்கு வலித்தது. அதைவிட, அந்த ஆட்கள் தின்றுகொண்டிருந்த தொடை நான் வளர்த்த பன்றியுடையது என்பதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. அதே சமயம் அம்பாரோ சமையலறையிலிருந்து தட்டோடு ஓடி வந்து, எல்லோர் முன்னாலும், "அண்ணி, வாங்க, இதைச் சாப்பிட்டுப் பாருங்க," என்றாள். நாடகம் ஆடுகிறாள் என்று நினைத்தேன். தட்டைத் தொடாமல் பொறுக்கினேன்.

அந்த நவம்பரில், அனைத்துப் புனிதர் திருநாள் அன்று, பாரில் கொட்டை சுட்டுத் தின்றுகொண்டிருந்தோம். அம்பாரோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, இந்தக் கொட்டையிலேருந்து மரம் வளக்கலாமாமே. எப்படி வளக்கிறதுன்னு சொல்லுங்களேன்."

"உனக்கு எதுக்கு? தொட்டியில வச்சுப் பேர் வைக்கவா?"

பாரில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

"நெசமாத்தான் கேக்கறேன்."

சாக்கிலிருந்து சுடாத கொட்டை ஒன்றை எடுத்து அவள் முன்னால் உருட்டிவிட்டேன். "இந்தா. ஓட்டை இல்லாத கொட்டை. படுக்க வச்சு, ரெண்டு விரல் ஆழத்துல, தரை மண்ணுலயே ஊனு. தொட்டியில வச்சா ஆணி வேர் சுருண்டுக்கும், அப்புறம் அது மரமே இல்லை. எலி தோண்டாம மேல கல்லு வை. தாய் மரம் உசுரோட இருக்கிறப்ப என் கொட்டையை உன் மண்ணுல வளத்தா அந்தப் பிள்ளையும் எனக்குத்தான். அதான் எங்க ஊரு வழக்கம், உன் புருஷனைக் கேளு. வளத்துக் காட்டு, பாக்கலாம்."

"வளத்துருவாங்க, வளத்துருவாங்க," என்றான் சிரியாக்கோ, பீர் ஊற்றிக்கொண்டே. "நம்ம பிள்ளைங்க காலத்துல ஒரு இலை விடும்."

அவள் கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். பாதிரியார் கொடுத்த அப்பத்தை வாங்குகிற மாதிரி. நான் அதோடு மறந்துவிட்டேன்.

இரண்டாவது கோடையில் மரத்தைச் சுற்றிக் கறுப்புக் குழாய் ஒன்று வளையமாக வந்து படுத்தது. துளித்துளியாகத் தண்ணீர் சொட்டுகிற குழாய். ஜூலை மாதம் நான் காய்ந்த கிளை பார்க்கப் போனபோது மரத்தடி சதசதவென்று இருந்தது. செருப்பு புதைந்தது. அம்பாரோ தொப்பியோடு நின்று பால் குடித்த பூனை மாதிரி சந்தோஷமாக இருந்தாள்.

"என்ன பண்ணியிருக்க?"

"பாவம் அண்ணி, இந்த வெயில்ல நாக்கு வறண்டு நிக்குது."

"மரத்துக்கு நாக்கு இல்லை. தண்ணியை நிறுத்து. அழுகிரும்."

"அழுகுமா? இவர் அப்படிச் சொல்லலையே."

குழாயைத் திருகி மூடினேன். மறுநாள் போனால் திறந்திருந்தது. மூடினேன். மறுபடி திறந்திருந்தது. சுவரில் ஒரு சின்னப் பெட்டி, கடிகாரம் வைத்தது, தானாகவே திறந்து மூடுகிறது. நான் அம்பாரோவிடம் கத்தினேன். உனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் தெரியாது, ஜெரானியத்தோடு நிறுத்திக்கொள் என்றேன். அவள் முகம் சிவந்து உள்ளே போனாள்.

பசிலியோவிடம் போனேன். அவன் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உன் பொண்டாட்டி என் மரத்தைக் கொல்றா. சொல்லுடா அவகிட்ட."

"அவளுக்குச் செடின்னா உசுரு, அக்கா. மனசு நோகடிக்க முடியுமா? விடு. அவ்வளவு பெரிய மரத்துக்கு ரெண்டு வாளித் தண்ணி என்ன செய்யும்?"

"உன் காதைக் கேளு, என்ன செய்யும்னு."

அவன் துடைத்துக்கொண்டே இருந்தான். பெண்டாட்டிக்குப் பயந்து நடுங்குகிறவன், இவனிடம் பேசி என்ன என்று திரும்பி வந்துவிட்டேன். அப்போது எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

அந்த அக்டோபரில் கொட்டை பாதிதான். உச்சியில் இலை மெலிந்து வானம் தெரிந்தது. மறுபடி பசிலியோவிடம் போய், வெட்கத்தை விட்டு, "ஒரு கொட்டை தர்றேன், தெக்கு மூலையில ஊனிரு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு," என்றேன்.

"பாக்கலாம்க்கா. அடுத்த வருஷம் தோட்டத்தை எப்படி மாத்தறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். அப்புறம் சொல்றேன்."

சரி என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவன் மூன்று வாக்கியம் பேசி அதைச் சொல்லாமல் முடித்தான். ஓடு விற்றவனுக்கு அது கைவந்த கலை.

மூன்றாவது கோடையில் மரம் போனது. ஜூன் முடிவில் ஒரு பக்கம் பழுத்தது, ஜூலையில் மொத்தமும் பழுப்பு. இலை உதிராத மரம். செத்த இலையையும் உதிர்க்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. அடிமரத்தில் கறுப்பாகச் சாறு வடிந்தது. கத்தியால் பட்டையைச் சீவினேன். உள்ளே புளித்த வாடை. மரத்தைக் கொன்றால் என்ன தண்டனை என்று வனத்துறைக்குப் போன் செய்து கேட்டேன். வெட்டினால் அபராதம், தீ வைத்தால் சிறை என்று அந்தப் பையன் அழகாகச் சொன்னான். தண்ணீர் ஊற்றினால் என்று கேட்டேன்.

"தண்ணி ஊத்துறது குத்தமில்லைங்கம்மா," என்றான்.

போனை வைத்துவிட்டு நேராகப் பின் கதவைத் திறந்து போனேன். அம்பாரோ மரத்தடியில் ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தொப்பி ஒரு பக்கம் கிடந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. கொன்றுவிட்டு அழுகிறவளைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

"இப்ப அழுது என்ன? போன வருஷமே கத்துனேனே, காதுல பஞ்சா வச்சிருந்த?"

"அண்ணி, நான் ஒரு நாள்கூடத் தவற விடலை," என்றாள் விக்கி விக்கி. "இவர் சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். ஆகஸ்ட்ல ரெண்டு மடங்கு விடணும்னார். பெட்டியில நேரம்கூட அவரேதான் வச்சாரு, என்னைத் தொட விடலை. உங்க அப்பா கோடையில தினம் தண்ணி விட்டுத்தான் இதை வளத்தாராமே. சின்ன வயசுல இவரே வாளி வாளியாத் தூக்கிட்டு வந்து ஊத்துவாராமே. நீங்க நிறுத்தச் சொன்னப்ப, 'மரம் உனக்குப் பிடிச்சுப் போச்சேன்னு அக்காவுக்குப் பொறாமை, கண்டுக்காத'ன்னார்."

ஈரமென்றும் பார்க்காமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வாளி வாளியாக. அதைக்கூட அவன் வீணாக்கவில்லை. அப்பாவிடம் காது திருகு வாங்கிய கதையையே எடுத்து, திருப்பிப் போட்டு, பெண்டாட்டியிடம் விற்றிருக்கிறான். மாட்ரிட்காரிக்கு ஓக் மரம் தெரியாது. தெரியாதது அவள் தப்பில்லை. ஊர்க்காரன் ஒருவனுக்குத்தான் எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர் விட்டால் அது சாகும் என்று தெரியும். கையில் அழுக்குப் படாமல், கோடாலி எடுக்காமல், பாவம் ஏதுமறியாத ஒருத்தியின் ஆசையை வைத்தே செய்து முடித்துவிட்டான். இத்தனை நாளும் நான் காறித் துப்பியதெல்லாம் தப்பான முகத்தில் போய் விழுந்திருக்கிறது.

நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். காது திருகியதை, அப்பா சொன்ன வார்த்தையை, மரம் போனால் வாசல் போகும் என்பதை. அம்பாரோ அழுகையை நிறுத்தினாள். மூக்கைத் துடைத்தாள். எழுந்து போய்ச் சுவர்ப் பெட்டியைப் பிடுங்கி எடுத்து, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

பசிலியோவை நான் பாரில் பிடித்தேன். எல்லோரும் இருந்தார்கள். எனக்கு அது வசதி.

"அப்பா தினம் தண்ணி ஊத்துனாராடா?"

அவன் கோப்பையைப் பார்த்தான். "தண்ணிதானே ஊத்துனேன். விஷமா வச்சேன்?"

"விஷம் வச்சிருந்தா ஒரு மரியாதை இருக்கும். பண்றவனுக்குத் தைரியமாவது வேணும்."

"இங்க பாருக்கா. நாலு பேர் வந்து போற வீடு. நீ சாக்கைத் தூக்கிட்டு, சேத்துச் செருப்போட, நடுவுல பூந்து வர்ற. உனக்கே நல்லாவா இருக்கு? பன்னிக்குத் தீனி நான் வாங்கித் தர்றேன். மூட்டைக் கணக்கா வாங்கித் தர்றேன். அங்க ஒரு நீச்சல் குளம் வரணும்."

"குளமா," என்றான் சிரியாக்கோ. "தண்ணி மேல உனக்கு அப்படி ஒரு ஆசை."

பார் சிரித்தது. பசிலியோ எழுந்து போனான். அன்று போட்ட காபிக்குச் சிரியாக்கோ அவனிடம் காசு வாங்கவில்லை. உன் காசு வேண்டாம் என்று அவன் முதுகைப் பார்த்துச் சொன்னான்.

செத்த மரத்தை வெட்ட அனுமதி குளிர்காலத்தில் வந்தது. பிப்ரவரியில் சாய்த்தார்கள். விறகு என்னுடையது. வண்டி வைத்து ஏற்றிக்கொண்டிருந்தபோது பசிலியோ வந்து, கணப்புக்கு ஒரு கட்டு கிடைக்குமா, ஓக் நின்று எரியுமே என்றான். கொடுத்தேன். இப்படியும் ஒரு ஜென்மம் கை நீட்டி வாங்குமா என்று பார்ப்பதற்காகவே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான்.

மார்ச்சில் குழி தோண்டும் இயந்திரம் வந்தது. அன்று காலையில்தான் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாட்சிக்குச் சிரியாக்கோ, பார் துணியை இடுப்பில் செருகியபடியே வந்தான். கறுப்பு உடுத்திக்கொண்டு போனேன். பசிலியோவுக்காக இல்லை, மரத்துக்காக. இயந்திரக்காரன் பக்கத்து ஊர் ஆள், இருக்கையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டு எங்களுக்காகக் காத்திருந்தான்.

பசிலியோ கையை நீட்டினான். நேற்றே நகம் வெட்டிய, சுத்தமான கை.

"குடுத்துரு அக்கா. மனசுல ஒண்ணும் வச்சுக்காத. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. முன் வாசல் வழியா வா."

சாவியை மேலங்கிப் பையிலிருந்து எடுத்தேன். உடனே நீட்டாமல் கட்டைவிரலால் அதை ஒரு தடவை தடவினேன். அதை அவன் பார்த்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

"அண்ணி, சாவியை உள்ள வைங்க."

அம்பாரோ அடுக்களை வாசலிலிருந்து வந்தாள். கையில் பூப்போட்ட கையுறை. அடிமரம் இருந்த இடத்துக்கு ஏழெட்டுக் காலடி தள்ளி, முன்பு கிளையின் ஓரம் நிழல் விழுந்த இடத்தில், அவளுடைய ஜெரானியத் தொட்டிகள் வட்டமாக நெருக்கி அடுக்கியிருந்தன. அதுவும் அவளுடைய கிறுக்குகளில் ஒன்று என்று நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். குனிந்து ஒவ்வொரு தொட்டியாக நகர்த்தினாள்.

நடுவில் ஓக் கன்று. ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. விளிம்பில் முள் வைத்த இலை, கரும்பச்சை. அடியில் எலி தோண்டாமல் வைத்த கல், நான் சொன்னபடியே.

"அன்னிக்கு பார்ல குடுத்தீங்களே, அந்தக் கொட்டை," என்றாள். "மறுநாளே ஊனிட்டேன். படுக்க வச்சு, ரெண்டு விரல் ஆழம். பெருசானதும் உங்களைக் கூப்பிட்டுக் காட்டணும்னு மறைச்சு வச்சிருந்தேன். சிரிப்பீங்கன்னு பயம்."

சிரியாக்கோ முழங்காலில் விழுந்து கன்றை உற்றுப் பார்த்தான். குடித்துவிட்டுக்கூட அவன் அவ்வளவு பணிவாக மண்டியிட்டதில்லை.

"கொட்டை கசில்டாவோடது. குடுத்தப்ப நான் இருந்தேன், பார் பூரா இருந்துச்சு. மண்ணு அம்பாரோவோடது. தாய் மரம் நின்னுக்கிட்டிருந்தப்ப முளைச்சிருக்கு, இது ரெண்டு வெயில் பாத்த கன்னு," என்றான். "பசிலியோ, எனக்குச் சாட்சி வேலை இன்னிக்கு மாறிப் போச்சு."

"மண்ணு என்னோடது," என்றான் பசிலியோ.

"பாதி," என்றாள் அம்பாரோ. "சமையல்கட்டுக் காசு நினைவிருக்கில்ல?"

"உனக்குப் பைத்தியமா? குளம் உனக்குந்தானே கட்டறேன்."

"நீங்கதான் சொன்னீங்க, மரத்தை ஆசையாப் பாத்துக்கன்னு. பாத்துக்கிட்டேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. கையுறையைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். பசிலியோ இயந்திரக்காரனைப் பார்த்து, நீ வேலையை ஆரம்பி என்றான். அந்த ஆள் ரொட்டியை முழுசாக மென்று விழுங்கினான்.

"நானும் இந்தப் பக்கத்து ஆளுதாங்க," என்றான். "ஓக்குக் கன்னு மேல மிஷினை ஏத்துனேன்னு தெரிஞ்சா என் அப்பனே சோறு போட மாட்டான்." இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

சாவியைப் பைக்குள் போட்டேன். பசிலியோ நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் காரைத் துடைக்கப் போனான்.

நான் அம்பாரோவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னால் ஆகாது. கல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்க வேண்டும், தண்டு ஒரு பக்கம் சாய்கிறது பார் என்றேன். அவள் சரி அண்ணி என்றாள். அப்புறம் உள்ளே போய்க் காபி போட்டு எடுத்து வந்தாள். இந்தத் தடவை குடித்தேன். கழுவிய தண்ணீர் மாதிரிதான் இருந்தது, சொல்லவும் செய்தேன்.

அந்த வருஷம் ஆகஸ்ட் பேய் வெயில். புல்தரை காய்ந்து வைக்கோலாகிவிட்டது, அதற்குத் தண்ணீர் விட யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தால் கன்றின் இலை ஓரம் சுருண்டிருந்தது. அம்பாரோ பக்கத்தில் கவலையோடு குந்தியிருந்தாள். பசிலியோ பின் வராந்தாவில் வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்து தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து உள்ளே போகவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை.

"எவ்வளவு நாளாச்சு தண்ணி விட்டு?"

"தண்ணியா?" அவள் பதறிப்போனாள். "ஐயோ, நான் ஒரு சொட்டு விடலை அண்ணி. ஜூன்லேருந்து ஒரு சொட்டு கூட."

"இது குழந்தை. வேர் ஆழம் போற வரைக்கும் கொஞ்சம் விடணும். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு செம்பு. வளந்த மரத்துக்குத்தான் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வராந்தாவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது எனக்குப் புரிந்தது. இந்த வீட்டில் தண்ணீர் ஊற்று என்று ஒருவர் சொன்னால் அதை நம்பக் கூடாது என்பதை அவள் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். அதைக் கற்றுக்கொடுத்தவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"வேணாம் அண்ணி," என்றாள். "நான் ஊத்த மாட்டேன்."

நான் குழாயடிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் பிடித்தேன். பசிலியோ பார்த்துக்கொண்டே இருந்தான். ஆகஸ்ட் மாதம், அப்பாவின் தோட்டத்தில், ஓக்கின் காலடியில் நான் என் கையாலேயே தண்ணீர் ஊற்றினேன்.